வேண்டும், ஆனால் பிடிக்கவில்லை

வேளச்சேரியிலிருந்து கிளம்பும் பறக்கும் ரயிலில் காலை எட்டரை மணிக்கு ஏறினால், திருவான்மியூர் தாண்டுவதற்குள் பெட்டியில் பெரும்பாலானோர் கைபேசிக்குள் போய்விடுவார்கள். அவர்களுடைய திரையை விட்டுவிட்டு முகத்தைப் பாருங்கள். ஒரு நடனம் வருகிறது, பெருவிரல் மேலே தள்ளுகிறது. ஒரு சமையல் குறிப்பு, தள்ளுகிறது. யாரோ யாரையோ திட்டுகிறார், அதையும் தள்ளுகிறது. கோட்டூர்புரம் வருவதற்குள் எத்தனையோ காணொளிகள் ஓடியிருக்கும். முகத்தில் சிரிப்பு அபூர்வம். ஆவலும் அதிகம் தெரியாது. ஏதோ ஒரு சலிப்புதான் தெரியும். ஆனாலும் திருமயிலையில் இறங்கிப் படிக்கட்டில் நடக்கும்போதும் விரல் நிற்பதில்லை.

பிடித்திருந்தால் இரண்டு விநாடியில் ஏன் தள்ள வேண்டும்? பிடிக்கவில்லை என்றால் ஏன் நிறுத்தக் கூடாது?

இதே புதிரை இன்னும் வேதனையோடு சுமப்பவர்கள் இருக்கிறார்கள். இணையத்தில் ஆபாசப் படம் பார்க்கும் பழக்கத்தை விட முடியாமல் மனநல ஆலோசனைக்கு வருபவர்களில் பலர், பார்க்கும்போதே மனம் ஒட்டவில்லை என்றும், முடிந்ததும் வெறுப்பு வருகிறது என்றும், மறுநாள் இரவு கை தானாக அங்கேயே போகிறது என்றும் சொல்கிறார்கள். வீட்டில் தெரிந்தால் என்ன ஆகும் என்ற பயமும் கூடவே இருக்கும். இவர்களை ‘சுகத்துக்கு அடிமையானவர்கள்’ என்று ஊர் சொல்கிறது. ஆனால் சுகம் குறைந்துகொண்டே போகிறது என்பதுதான் அவர்களுடைய முறையீடு.

சுகம் குறையும்போது நாட்டம் கூடுமா? கூடும். அதைக் கண்டுபிடிக்க நரம்பியலுக்கு ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் பிடித்தன.

1954-ல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் ஓல்ட்ஸ், பீட்டர் மில்னர் இருவரும் எலியின் மூளைக்குள் மெல்லிய மின்கம்பி ஒன்றைச் செருகினார்கள். எலி ஒரு நெம்புகோலை அழுத்தினால் அந்த இடத்துக்குச் சிறு மின்துடிப்பு போகும். எலிகள் ஒரு மணி நேரத்தில் நூற்றுக்கணக்கான முறை அழுத்தின. அந்த இடம் ‘இன்ப மையம்’ என்று பெயர் பெற்றது. அங்கே புழங்கும் டோபமின் என்ற வேதிப்பொருளும் பின்னாளில் ‘இன்பத்தின் வேதிப்பொருள்’ ஆனது. இன்றும் யூடியூப் தன்னம்பிக்கைப் பேச்சாளர்கள் அப்படித்தான் சொல்கிறார்கள்.

அந்தப் பெயர் தவறு என்று காட்டியவர் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்து உளவியலாளர் கென்ட் பெரிட்ஜ். அவர் எலிகளின் முகத்தைக் கவனித்தார். நாக்கில் சர்க்கரைக் கரைசல் பட்டால் எலி நாக்கை நீட்டி உதட்டைச் சப்புகிறது. கசப்பு பட்டால் வாயைப் பிளந்து தலையை உதறுகிறது. பிறந்த குழந்தையும் ஏறத்தாழ இப்படியே செய்யும். ஆகவே ஒரு உயிருக்கு ஒன்று பிடிக்கிறதா என்பதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள முடியாவிட்டாலும் முகத்தில் படிக்கலாம். பெரிட்ஜும் அவருடைய சகாக்களும் சில எலிகளின் மூளையிலிருந்த டோபமினை ஏறத்தாழ முழுவதுமாக அழித்தார்கள். அந்த எலிகள் எதையும் நாடிப் போகவில்லை. பக்கத்திலேயே உணவு இருந்தும் பட்டினி கிடந்தன. குழாய் வழியே ஊட்டித்தான் உயிரோடு வைக்க வேண்டியிருந்தது. டோபமின் இன்பப் பொருள் என்றால் இவற்றுக்குச் சர்க்கரை இனிக்கக் கூடாது. நாக்கில் சர்க்கரையை விட்டுப் பார்த்தார்கள். பழையபடியே உதட்டைச் சப்பின. இனிப்பு இனித்தது, அதைத் தேடிப் போகும் உந்துதல்தான் போய்விட்டது.

மறுபக்கத்தையும் சோதித்தார்கள். டோபமின் வழக்கத்தைவிட அதிகமாகத் தங்கும்படி மரபணு மாற்றப்பட்ட சுண்டெலிகள் இனிப்பை நோக்கி மற்றவற்றைவிட வேகமாக ஓடின. ஆனால் சுவைக்கும்போது முகத்தில் கூடுதல் மகிழ்ச்சி ஏதும் காட்டவில்லை.

அப்படியானால் நமக்குள் இருப்பவை இரண்டு. ஒன்றை நாடும் உந்துதலை வேட்கை என்போம். கிடைத்ததை அனுபவிக்கும் இன்பத்தைத் துய்ப்பு என்போம். வழக்கமாக இரண்டும் சேர்ந்தே வருவதால் ஒன்றென்று நினைத்துக்கொள்கிறோம். மூளையில் அவற்றின் பாதைகள் வேறு வேறு. டோபமின் முதன்மையாக வேட்கையின் பாதையில் வேலை செய்கிறது. வேட்கை மட்டும் வீங்கித் துய்ப்பு அப்படியே நின்றால், அல்லது தேய்ந்தால், அந்த நிலைதான் போதையடிமைத்தனத்தின் உள்ளமைப்பு என்பது பெரிட்ஜும் டெரி ராபின்சனும் முன்வைத்த கொள்கை.

எலிக்குப் பொருந்துவது மனிதருக்கும் பொருந்துமா என்ற சந்தேகம் நியாயமானது. விடை நாம் எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. பார்க்கின்சன் நோயில் டோபமின் சுரக்கும் செல்கள் அழிந்து கை நடுங்குகிறது, உடல் இறுகுகிறது. அதற்குக் கொடுக்கும் மருந்துகளில் ஒரு வகை, டோபமினைப் போலவே மூளையில் செயல்படும். அம்மருந்தை எடுத்துக்கொண்டவர்களில் சிலர், அதுவரை அடக்கமாக வாழ்ந்த முதியவர்கள், திடீரென்று சூதாடத் தொடங்கினார்கள். சிலர் தேவையில்லாத பொருள்களை வாங்கிக் குவித்தார்கள். சிலருக்குக் காம நாட்டம் கட்டுமீறியது. ஆபாசப் படங்களில் மூழ்கியவர்களும் உண்டு. அமெரிக்காவிலும் கனடாவிலுமாக 3,090 நோயாளிகளை ஆராய்ந்து 2010-ல் வெளியான ஆய்வில், இவ்வகை மருந்து எடுத்தவர்களில் 17.1 சதவீதத்தினருக்கு இப்படிப்பட்ட கட்டுமீறல் ஒன்றாவது இருந்தது. எடுக்காத நோயாளிகளில் 6.9 சதவீதம். மருந்தின் அளவைக் குறைத்தாலோ மாற்றினாலோ பெரும்பாலும் அது தணிந்துவிடுகிறது. (இம்மருந்து எடுப்பவர்கள் வீட்டில் இருந்தால் தாமாக நிறுத்திவிடாதீர்கள், மருத்துவரிடம் தயங்காமல் சொல்லுங்கள்.) எழுபது வயதுப் பெரியவரின் ஒழுக்கம் ஒரு மாத்திரையில் கெட்டு, மாத்திரையை மாற்றியதும் திரும்பி வந்ததா? இதை அறிந்த பிறகு, இந்தப் பழக்கங்களைக் குணக்கேடு என்ற ஒரே சொல்லில் என்னால் அடைக்க முடியவில்லை.

நம் ரயில் பயணி எந்த மாத்திரையும் சாப்பிடவில்லை. அவருடைய வேட்கை எப்படி வீங்கியது? அதற்கு டோபமின் எப்போது சுரக்கிறது என்று பார்க்க வேண்டும்.

மயிலாப்பூரில் நீங்கள் தினமும் பொங்கல் சாப்பிடும் மெஸ் ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒரு நாள் பரிமாறுபவர் கேட்காமலே ஒரு மெதுவடையை இலையில் வைத்துவிட்டுப் போகிறார். எதிர்பாராதது, ஆகவே மகிழ்ச்சி. மறுநாளும் வைக்கிறார், அதற்கடுத்த நாளும். ஒரு வாரத்தில் வடை பழகிவிடும். அது இலையில் விழும்போது மனம் துள்ளாது. அதற்குப் பதில் மெஸ்ஸின் வாசலில் வடை வேகும் வாசனை வந்ததுமே துள்ளல் வந்துவிடும். பிறகொரு நாள் வடை வரவில்லை. அதே பொங்கல், அதே காசு, முன்பு திருப்தியாகச் சாப்பிட்ட அதே சாப்பாடு. ஆனால் ஏதோ பறிபோனது போல இருக்கும்.

வுல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் ஸ்விட்சர்லாந்தின் ஃப்ரீபோர்க் பல்கலைக்கழகத்தில் குரங்குகளின் டோபமின் செல்களில் நேரடியாகக் கண்டது இதைத்தான். எதிர்பாராமல் ஒரு சொட்டுப் பழச்சாறு கிடைத்தபோது செல்கள் வெடித்துத் துடித்தன. விளக்கு எரிந்த பின் சாறு வரும் என்று குரங்கு கற்றுக்கொண்ட பிறகு துடிப்பு விளக்குக்கு இடம்பெயர்ந்தது. சாறு வந்தபோது செல்கள் சும்மா இருந்தன. விளக்கு எரிந்தும் சாறு வராவிட்டால், வந்திருக்க வேண்டிய சரியான தருணத்தில் செல்களின் வழக்கமான துடிப்பும் அடங்கியது. கிடைத்ததற்கும் எதிர்பார்த்ததற்கும் உள்ள வேறுபாட்டையே டோபமின் அறிவிக்கிறது. இதை எதிர்பார்ப்புப் பிழை என்று அழைக்கலாம். ஷுல்ட்ஸ், பீட்டர் தயான், ரீட் மான்டேக் மூவரும் 1997-ல் ‘சயின்ஸ்’ இதழில் இதை எழுதியபோது, அச்செல்களின் துடிப்பு ஏற்கெனவே இருந்த ஒரு கணினிச் சூத்திரத்தோடு வியக்கத்தக்க வகையில் பொருந்திப்போனதைச் சுட்டிக்காட்டினார்கள்.

அந்தச் சூத்திரம் 1980-களில் ரிச்சர்ட் சட்டனும் ஆண்ட்ரூ பார்ட்டோவும் இயந்திரங்களுக்குக் கற்றுக்கொடுப்பதற்காக உருவாக்கியது. ஒன்றைச் செய், பலனைப் பார், எதிர்பார்த்ததைவிட நல்லதென்றால் அதை அடுத்த முறை இன்னும் விரும்பு. இதற்கு வலுவூட்டல் கற்றல் என்று பெயர். இருவருக்கும் 2024-ஆம் ஆண்டின் டூரிங் விருது கிடைத்தது. இந்தக் கணிதத்துக்கும் நம் ஊருக்கும் நெருங்கிய உறவு உண்டு. பார்ட்டோவின் மாணவராக முனைவர் பட்டம் பெற்ற பி.ரவீந்திரன், அடையாறிலிருந்து கூப்பிடு தூரத்திலுள்ள சென்னை ஐஐடியில் இத்துறையை வளர்த்துவருகிறார். அதே வளாகத்தில் வி.ஸ்ரீநிவாச சக்கரவர்த்தி, டோபமின் பாயும் மூளைப் பகுதிகளையும் பார்க்கின்சன் நோயையும் கணினி மாதிரிகளாக அமைத்து ஆராய்கிறார்.

இப்போது ரயிலுக்குத் திரும்பலாம். குரங்குக்கு விளக்கு எப்படியோ அப்படித்தான் நமக்குக் கைபேசியின் அதிர்வும், செயலியின் வண்ணச் சின்னமும், படுக்கையில் சாய்ந்த நேரமும், வேலையில் சற்றே சலிப்புத் தட்டும் கணமும். இவற்றைத் தூண்டுகுறிகள் என்பார்கள். துள்ளல் காணொளியைப் பார்க்கும்போது வருவதில்லை. அதற்கு முன்பே, தூண்டுகுறியிலேயே வந்து கையை இழுத்துவிடுகிறது. அதனால்தான் முகத்தில் மகிழ்ச்சி இல்லாமல் விரல் மட்டும் நகர்கிறது.

பழகிப் போனால் துடிப்பு அடங்கிவிட வேண்டும் அல்லவா? அடங்காமல் பார்த்துக்கொள்ள ஒரு வழி இருக்கிறது: பலன் வருமா வராதா என்று கணிக்க முடியாமல் செய்துவிடுவது. பி.எஃப்.ஸ்கின்னர் புறாக்களை வைத்து இதைக் காட்டினார். ஒவ்வொரு கொத்தலுக்கும் தானியம் தந்தால், தானியத்தை நிறுத்தியதும் புறா சீக்கிரம் ஓய்ந்துவிடும். எத்தனையாவது கொத்தலுக்கு வரும் என்று தெரியாதபடி தந்தால், நிறுத்திய பிறகும் நெடுநேரம் கொத்திக்கொண்டே இருக்கும். 2003-ல் ஷுல்ட்ஸின் குழு இதன் நரம்பியலையும் கண்டது: பலன் கிடைக்கும் வாய்ப்பு பாதிக்குப் பாதி என்றிருக்கும்போது, காத்திருக்கும் நேரத்தில் டோபமின் செல்களின் துடிப்பு படிப்படியாக ஏறி உச்சத்தைத் தொட்டது. தமிழ்நாட்டில் இதற்கு ஆய்வகம் தேவைப்பட்டதில்லை. 2003-ல் அரசு தடை செய்யும்வரை பெட்டிக்கடை வாசலிலேயே சுரண்டல் லாட்டரியில் நாள் கூலியைத் தொலைத்தவர்களை நாம் பார்த்திருக்கிறோம்.

பத்து காணொளிகளில் ஒன்பது சப்பென்று இருப்பதில் நாம் தப்பிக்க வழி இருப்பதாகத் தோன்றலாம். உண்மையில் அந்த ஒன்பதுதான் பத்தாவதன் பலம். எல்லாமே நன்றாக இருந்தால் வயிறு நிறைந்து எழுந்துவிடுவோம்.

முன்பு இணையப் பக்கம் முடிந்ததும் ‘அடுத்து’ என்றொரு பொத்தான் இருக்கும். அதை அழுத்தும் ஒரு கணத்தில் போதும் என்று தோன்ற இடமிருந்தது. 2006-ல் அசா ராஸ்கின் என்ற வடிவமைப்பாளர் முடிவில்லாமல் கீழே நீளும் பக்கத்தை உருவாக்கினார். பின்னாளில் அதற்காக வருந்துவதாக அவரே வெளிப்படையாகச் சொன்னார். இந்தியாவில் 2016 செப்டம்பரில் ஜியோ வந்து தரவின் விலை சரிந்தது. 2019 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, சிறுவர்களுக்குத் தகாதவை பரவுகின்றன என்று டிக்டாக்கைத் தரவிறக்கத் தடை விதித்து, மூன்றே வாரத்தில் விலக்கியது. 2020 ஜூன் 29 அன்று மத்திய அரசு வேறு காரணத்துக்காக அதை அடியோடு தடை செய்தது. ஒரு மாதம்கூடக் காத்திருக்க வேண்டியிருக்கவில்லை. ஜூலையில் இன்ஸ்டாகிராம் ரீல்ஸ், செப்டம்பரில் யூடியூப் ஷார்ட்ஸ். செயலி போனது, அமைப்பு அப்படியே இருந்தது.

அமைப்புக்குள் இன்னொரு மாணவனும் சேர்ந்துவிட்டான். யூடியூபின் பரிந்துரைகளில் வலுவூட்டல் கற்றலைப் பயன்படுத்தியதை 2019-ல் கூகுள் ஆய்வாளர்களே ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டார்கள். நீங்கள் எதில் எவ்வளவு நேரம் நின்றீர்கள் என்பதே அந்த இயந்திரத்துக்குக் கிடைக்கும் வெகுமதி. உங்கள் மண்டைக்குள் ஒரு கற்கும் அமைப்பு, நிறுவனத்தின் கணினியில் இன்னொன்று. ஒரே வகைக் கணிதத்தால் ஒன்றையொன்று பழக்குகின்றன. ஒன்றுக்குக் களைப்பு உண்டு, மற்றொன்றுக்குக் கிடையாது. 2021-ல் வந்த ஓர் ஆய்வு, 4,000-க்கு மேற்பட்டவர்கள் இட்ட பத்து லட்சத்துக்கும் அதிகமான பதிவுகளை அலசியது. விருப்பக் குறிகள் கூடும்போதும் குறையும்போதும் அடுத்த பதிவுக்கு அவர்கள் எடுத்துக்கொண்ட இடைவெளி, வெகுமதிக்குப் பழகும் விலங்குகளை விளக்கும் அதே மாதிரியைப் பின்பற்றியது.

ஆபாசப் படங்களில் இதோடு இன்னும் இரண்டு சேர்கின்றன. நிகோ டின்பெர்கன் என்ற விலங்கியலாளர், தன் முட்டையைவிடப் பலமடங்கு பெரிய பொம்மை முட்டையின்மேல் ஏறி அடைகாக்க முயன்ற கடற்கரைப் பறவையைப் பதிவுசெய்தார். இயற்கையில் இல்லாத அளவுக்கு மிகைப்படுத்திய குறி, இயற்கையான குறியைத் தோற்கடிக்கிறது. இது மிகைத் தூண்டல். 1983-ல் மேற்கு ஆஸ்திரேலியாவில் ஆண் வண்டுகள் சாலையோரம் வீசப்பட்ட பழுப்பு நிறப் பீர் பாட்டில்களோடு புணர முயன்று வெயிலில் மடிந்ததை இரண்டு ஆய்வாளர்கள் எழுதினார்கள். பாட்டிலின் நிறமும் பளபளப்பும் சிறு புடைப்புகளும் பெண் வண்டின் முதுகைவிடக் கவர்ச்சியாக இருந்தன. ஒப்பனையும் ஒளியும் வெட்டி ஒட்டலும் சேர்ந்து உருவாக்கும் உடல்கள் மனித மூளைக்கு அத்தகைய தூண்டல்கள். மற்றொன்று புதுமை. 1997-ல் கனடாவில் ஆண் எலிகளின் மூளையில் டோபமினை அளந்தார்கள். துணையோடு கூடி ஓய்ந்தபின் அளவு இறங்கியது. புதிய பெண் எலியைக் கொண்டுவந்ததும் மறுபடி ஏறியது. எந்த உயிரின் வாழ்விலும் புதுமைக்கு ஓர் எல்லை இருந்தது. கைபேசியில் அது இல்லை.

இவை விலங்குகளைப் பற்றியவை. மனிதர்களில் நேரடிச் சான்று போலந்தின் மத்தேயுஷ் கோலா குழு 2017-ல் வெளியிட்டது. ஆபாசப் பழக்கத்துக்குச் சிகிச்சை நாடி வந்த ஆண்களையும் மற்ற ஆண்களையும் மூளை வரைவி இயந்திரத்தில் படுக்கவைத்தார்கள். முதலில் ஒரு குறி தோன்றும். அது, வரப்போவது பாலியல் படமா பணமா என்று சொல்லும். படத்தைக் கண்டபோது இரு தரப்பினரின் மூளையிலும் வெகுமதிப் பகுதி ஒரே மாதிரிதான் எழுந்தது. படம் வரப்போகிறது என்ற குறியைக் கண்டபோது மட்டும் சிகிச்சை நாடியவர்களுக்கு மிகுதியாக எழுந்தது. வேட்கை மிகுந்தது, துய்ப்பு மிகவில்லை. இதற்கு ஒத்துப்போகாத முடிவும் உண்டு. 2015-ல் அமெரிக்காவில் நிக்கோல் ப்ராஸ் குழு 122 பேரின் மூளை மின்னலைகளைப் பதிவுசெய்தபோது, தமக்குச் சிக்கல் இருப்பதாகச் சொன்னவர்களுக்குப் பாலியல் படங்களின்மேல் எதிர்வினை குறைந்தே இருந்தது. போதைக்கு ஆளானவர்கள் போதைப் பொருளின் படத்தைக் காணும்போது நடப்பதற்கு இது நேர்மாறு. குறியை அளப்பதும் படத்தை அளப்பதும் வேறு என்று இதற்கு ஒரு விளக்கம் சொல்லலாம். சர்ச்சை இன்னும் நடக்கிறது.

உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலிலும் அந்தத் தயக்கம் தெரிகிறது. 2022-ல் நடைமுறைக்கு வந்த அதன் பதினோராம் பதிப்பில் சூதாட்டமும் கணினி விளையாட்டும் அடிமைத்தனக் கோளாறுகளாக இடம்பெற்றன. கட்டுக்கடங்காப் பாலியல் நடத்தை, உந்துதலை அடக்க இயலாக் கோளாறு என்ற வேறு தலைப்பில் வைக்கப்பட்டது. சமூக ஊடகத்துக்குத் தனி இடமே இல்லை. அதிலுள்ள ஒரு வரியை நம் ஊரில் எல்லாரும் அறிய வேண்டும் என்று விரும்புகிறேன்: தன் ஆசைகள் ஒழுக்கக்கேடு என்று எண்ணி வருந்துவது மட்டுமே ஒருவரை நோயாளி ஆக்காது. ஜோஷுவா க்ரப்ஸ் என்ற உளவியலாளரின் ஆய்வுகளும் இதைச் சொல்கின்றன. அபூர்வமாகவே பார்த்தும், அது பெரும்பாவம் என்று நம்புவதால் தம்மை அடிமை என்று கருதித் துன்புறுபவர்கள் இருக்கிறார்கள்.

அந்தக் குற்றவுணர்வை விற்றுப் பிழைப்பது தமிழ்நாட்டில் நெடுங்கால வியாபாரம். இன்ன தேதியில் இன்ன லாட்ஜில் சந்திக்கலாம் என்ற விளம்பரங்களும், இளைஞர்களைப் பார்த்து ‘நரம்புத் தளர்ச்சி’ என்று மிரட்டும் நள்ளிரவுத் தொலைக்காட்சி நிகழ்ச்சிகளும் பல தலைமுறைகளைப் பயமுறுத்திப் பணம் பறித்தன. விந்து இழப்பால் உடல் தேய்கிறது என்ற இந்தப் பயமே ஒரு மனநலச் சிக்கல் என்று 1960-லேயே மருத்துவர் நரேந்திரநாத் விக் எழுதி, அதற்குத் தாது நோய்க்குறி என்று பெயரும் வைத்தார். சென்னையின் மனநல மருத்துவர் மாத்ருபூதம் விஜய் டிவியின் ‘புதிரா புனிதமா’ நிகழ்ச்சியில் இந்தப் பயங்களுக்குச் சிரித்த முகத்தோடு பதில் சொன்னபோது நகரமே முகம் சுளித்தது, ஆனாலும் பார்த்தது. அவர் செய்தது பெரிய மருத்துவம். பயமும் தனிமையும் வெட்கமும் வேட்கையைத் தணிப்பதில்லை. மனம் நொந்த நேரம் ஒருவருக்குத் தூண்டுகுறியாகிவிட்டால், வெட்கம் அவரை மீண்டும் திரைக்கே அனுப்பும்.

இதே இடத்தில் ஒரு கோட்டையும் அழுத்திப் போட வேண்டும். சிறார் ஆபாசக் காட்சிகளைக் கைபேசியில் வைத்திருந்ததாகத் தொடரப்பட்ட வழக்கு ஒன்றை 2024 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. ஆபாசப் படங்களுக்கு அடிமையாகும் இளைய தலைமுறையைத் தண்டிப்பதைவிட ஆலோசனை தர வேண்டும் என்றும் கூறியது. 2024 செப்டம்பர் 23 அன்று உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றியது. குழந்தையின் அத்தகைய காட்சி, ஒரு குழந்தைக்கு நடந்த கொடுமையின் பதிவு. அதை வைத்திருப்பதும் குற்றமாகும் என்றது. உச்ச நீதிமன்றம் சொன்னது சரி. பழக்கம் எப்படி உருவாகிறது என்ற விளக்கம், அடிபட்ட குழந்தையின் முன் எந்த மன்னிப்பும் ஆகாது. அதே தீர்ப்பு முறையான பாலியல் கல்வியையும் வலியுறுத்தியது; அந்தப் பகுதி நம் செய்திகளில் போதிய இடம் பெறவில்லை.

விடுபடுவது எப்படி என்பதில், கொஞ்ச நாள் விரதமிருந்தால் டோபமின் சுத்தமாகிவிடும் என்ற ‘டோபமின் டீடாக்ஸ்’ இப்போது பிரபலம். டோபமின் அழுக்கல்ல, கழுவி வெளியேற்ற. அது இல்லாமல் பார்க்கின்சன் நோயாளியால் அடி எடுத்து வைக்க முடிவதில்லை. கற்றுக்கொண்டதை மூளை அழிப்பதுமில்லை; பழைய பாடத்தின் மேல் புதிய பாடத்தை எழுதுகிறது, அதுவும் எழுதிய சூழலோடு சேர்த்து. சூழல் மாறினால் பழையது எட்டிப்பார்க்கும். ஆறு மாதம் தொடாமலிருந்தவர் ஒரு நாள் வழுக்குவதற்கு இதுவே காரணம், மனவுறுதி பொய் என்பதல்ல.

சூழலின் வலிமைக்கு வியட்நாம் போர் தந்த சான்று பெரியது. அங்கே ஹெராயினுக்கு அடிமையான அமெரிக்க வீரர்களை ஊர் திரும்பியபின் லீ ராபின்ஸ் தொடர்ந்து ஆராய்ந்தார். முதல் ஆண்டில் சுமார் 5 சதவீதத்தினரே மீண்டும் அடிமையானார்கள். காட்டையும் முகாமையும் தோழர்களையும் விட்டு அவர்கள் வந்துவிட்டார்கள். தூண்டுகுறிகள் அங்கேயே தங்கிவிட்டன. கைபேசியில் சிக்கியவருக்கு இந்த வசதி இல்லை. காய்கறிக்குக் காசு கொடுப்பதும், பள்ளியின் வாட்ஸ்அப் குழுவும், அலுவலகமும், ஆபாசத் தளமும் ஒரே கண்ணாடித் தகட்டில் இருக்கின்றன. இவர் ஊர் திரும்ப முடியாத வீரர்.

ஆகவே அந்த ஒரே பொருளுக்குள் இடத்தையும் நேரத்தையும் பிரிக்க வேண்டியிருக்கிறது. எழுப்புவதற்குத் தனிக் கடிகாரம் வாங்கிவிட்டு, கைபேசியை இரவில் கூடத்தில் மின்னேற்றுவது அற்பமாகத் தோன்றும். ஆனால் படுக்கை என்ற தூண்டுகுறிக்கும் பலனுக்கும் நடுவே அது பத்தடி தூரத்தை வைக்கிறது. பதின்பருவத்தினருக்கு இது இன்னும் தேவை. அடக்கிப் பிடிக்கும் முன்மூளை முதிர இருபது வயதைத் தாண்டிச் சில ஆண்டுகள் ஆகும். வேட்கைப் பாதையோ பதின்பருவத்திலேயே முழு வேகத்தில் ஓடும். 2018-ல் அமெரிக்காவில் பணம் கொடுத்துச் சிலரை நான்கு வாரம் ஃபேஸ்புக்கை விட்டிருக்கச் செய்தார்கள். நாளுக்கு ஒரு மணி நேரம் மிச்சமானது, மனநிலை சிறிதளவு தேறியது. தடை முடிந்தபின்னும் முன்பைவிடக் குறைவாகவே பார்த்தார்கள். அதே ஆய்வாளர்களில் சிலர் பிறகு கணக்கிட்டதில், சமூக ஊடகத்தில் செலவாகும் நேரத்தில் சுமார் 31 சதவீதம் தற்கட்டுப்பாடு தவறுவதால் போவது. மீதி நாம் அறிந்து, விரும்பிச் செலவழிப்பது. எல்லாரும் எந்நேரமும் அடிமை என்று பேசுவதும் உண்மைக்குப் புறம்பு.

தனிமனிதர் மட்டும் செய்துவிடக் கூடியதல்ல இது. இணையப் பணவிளையாட்டுகளுக்காகத் தமிழ்நாடு 2025-ல் கொண்டுவந்த விதிகளில் நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை விளையாட்டை மூடிவைக்க வேண்டும் என்ற ஒன்று இருந்தது; உயர் நீதிமன்றமும் அதை ஏற்றது. பிறகு மத்தியச் சட்டம் அவ்விளையாட்டுகளையே தடை செய்துவிட்டது. ஆனாலும் அந்த ஐந்து மணி நேர விதியில் நரம்பியல் அறிவு இருந்தது: களைத்த மூளைக்கு ஒரு ‘அடுத்து’ பொத்தானைச் சட்டமே திருப்பித் தந்தது. முடிவில்லாத பக்கத்துக்கும் அப்படியொரு விதி கேட்பது அதிகப்படியான ஆசையாக எனக்குத் தெரியவில்லை.

அடையாறு இந்திரா நகரில் டி.டி.கே. மருத்துவமனை இருக்கிறது. கணவரைக் குடிக்குப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன் 1980-ல் தொடங்கிய அமைப்பு அது. குடிப்பவரைக் குற்றவாளியாகவே ஊர் பார்த்த காலத்தில் அவரை நோயாளியாக நடத்தியது. மனைவியையும் பெற்றோரையும் சிகிச்சைக்குள் அழைத்துவந்தது. திரைப் பழக்கத்துக்கும் தேவைப்படுவது அதே அணுகுமுறை. பெங்களூரு நிம்ஹான்ஸ் 2014-ல் தொழில்நுட்பப் பழக்கங்களுக்கென்றே தனிப் பிரிவு தொடங்கியது. 14416 என்ற எண்ணில் மத்திய அரசின் டெலி மானஸ் மனநல உதவி 2022 முதல் இயங்குகிறது, தமிழிலும் பேசலாம், கட்டணமில்லை. அறிதல்-நடத்தை சிகிச்சை என்ற முறையில் ஆலோசகர் கேட்பது என்ன பார்த்தாய், ஏன் பார்த்தாய் என்று அல்ல. கடைசியாகக் கை போனபோது மணி என்ன, எந்த அறையில் இருந்தீர்கள், அதற்குச் சற்று முன் என்ன நடந்தது, யாரோடு பேசினீர்கள், சாப்பிட்டிருந்தீர்களா, தூங்கியிருந்தீர்களா என்று கேட்பார்கள். ஒரு வாரம் எழுதிவரச் சொல்வார்கள். எழுதிப் பார்த்தால் ஒரே நேரமும் ஒரே மனநிலையும் திரும்பத் திரும்ப வருவது தெரியும். அங்கிருந்துதான் வேலை தொடங்குகிறது.